பானைக்கும் அதே மூக்கு

டிசம்பர் 2, திங்கள்

இன்று முதல் நான் முறைப்படி ஓவியன். முறைப்படி என்று எழுதக் காரணம், முறை இல்லாமல் பார்த்தால் பிறந்ததிலிருந்தே ஓவியன்தான். ஆறு வயதில் சுவரில் கரியால் ஒரு கோழி வரைந்தேன். பக்கத்து வீட்டுச் சேவல் மூன்று நாள் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை. இதற்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் இறந்துபோனார்கள். அது என் தப்பில்லை.

அருப்புக்கோட்டையில் பரோட்டாக் கடை மாடியில் இருக்கிறது வண்ணமலர் ஓவியப் பயிற்சிப் பள்ளி. சாயங்கால வகுப்பு. படிவத்தில் கல்வித் தகுதி என்ற இடத்தில் ‘எட்டாம் வகுப்பு, மூன்று ஆண்டுகள்’ என்று எழுதினேன். ஒரே வகுப்பை மூன்று ஆண்டு ஆழமாகப் படித்தவர்கள் இந்த வட்டாரத்தில் குறைவு.

டீச்சர் பெயர் ரெபேக்கா. இருபத்தைந்து வயது இருக்கும்.

“அங்கிள், உங்க பிள்ளையச் சேர்க்கணுமா?”

“இல்லம்மா, என்னையத்தான்.”

“ஓ. இதுக்கு முன்னாடி ஏதாவது வரைஞ்சிருக்கீங்களா?”

“பூதம் ஒண்ணு வரைஞ்சிருக்கேன். ஊரே பேசுச்சு.”

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

இந்த டைரி போன வருடத்தியது. கிழமை மாறி வரும், நான் அடித்துத் திருத்திக்கொள்கிறேன். அட்டையில் ‘தவசி டைல்ஸ்’ என்ற பெயரும், அதன் முதலாளியும் என் தங்கை புருஷனுமான தவசிலிங்கத்தின் போட்டோவும் அச்சடித்திருக்கிறது. அந்த முகத்தின் மேல் காலண்டர் தாளை ஒட்டிவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. அட்டை அழுக்காகக் கூடாது.

டிசம்பர் 3, செவ்வாய்

பூதத்தைப் பற்றி எழுதிவிட வேண்டும். பிற்காலத்தில் என் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் குழம்பக் கூடாது.

மாப்பிள்ளை தவசிலிங்கம் கடைக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், மூன்று மாடி வீடு கட்டுகிறார். கட்டுகிற வீட்டுக்குக் கண் படாமலிருக்க பூதப் படம் தொங்கவிடுவது வழக்கம். கோரைப் பல், பிதுங்கிய கண், தொங்குகிற நாக்கு. “கடையில ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க மச்சான்” என்றார். “கடை எதுக்கு மாப்ளே, கை இருக்குல்ல” என்றேன். தகரத்தில் பெயின்ட் அடித்து நானே வரைந்து மாட்டினேன்.

இது நடந்தது அக்டோபர் எட்டாம் தேதி. அன்று காலையில்தான், கடையில் மாப்பிள்ளை மேசைக்கு எதிரே நான் பதினான்கு வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கம்ப்யூட்டரை வைத்தார்கள். “இனி நீங்க பைபாஸ் குடோனைப் பாத்துக்கங்க மச்சான், அங்க காத்து நல்லா வரும்” என்றார். இதற்கும் பூதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரே தேதி என்பதால் குறித்து வைக்கிறேன்.

மறுநாள் தண்ணீர் லாரி டிரைவர் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தினார். மேலே பார்த்தார். மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு, “மொதலாளி, தண்ணிய எங்க எறக்க?” என்று பூதத்திடம் கேட்டார். பூதம் பதில் சொல்லாததால் மறுபடியும் கேட்டார். எதிர்க் கடை வாசலில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். கொத்தனார்கள் சாரத்திலிருந்து கீழே இறங்கி வந்து சிரித்தார்கள். மேலே நின்று சிரித்தால் ஆபத்தாம்.

அன்றே பூதத்தைக் கழற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு மாப்பிள்ளை என்னோடு பேசுவதில்லை. குடோனுக்கு வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புகிறார். அது கிடக்கட்டும். என் தங்கை சீனியம்மாளுக்குக் கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம் கழித்துப் பிறந்தவள் தாரணிகா. இப்போது இரண்டரை வயது. வருகிற பிப்ரவரி பதினாறாம் தேதி குலசாமி கோயிலில் அவளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அவளுக்கு நான் ஒரே தாய்மாமன். “தேனிக்காரன் மடி போதும்” என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். தேனிக்காரன் எங்கள் சித்தப்பா மகன். அவனுக்குத் தொப்பை. மடி என்று தனியாக ஒன்றும் கிடையாது.

சீனியம்மாள் போனில் சொன்னாள்: “அண்ணே, நீ வேணும்னு அவர் மூஞ்சிய வரையலன்னா, வேற மூஞ்சி ஒண்ணு வரைஞ்சு காட்டணுமாம். ஒரே ஒரு மூஞ்சி. அவர் மாதிரி இல்லாத மூஞ்சி. அப்ப ஒத்துக்கிடுறேங்கிறாரு.”

இது ஒரு பெரிய விஷயமா? உலகத்தில் மாப்பிள்ளை முகம் நீங்கலாக மற்ற எல்லா முகங்களும் எனக்குத் திறந்து கிடக்கின்றன.

டிசம்பர் 5, வியாழன்

கோடு. ஒரு மணி நேரம் கோடு.

டிசம்பர் 9, திங்கள்

இன்றும் கோடு, அப்புறம் வட்டம். என் பெஞ்சில் பேச்சிக்கனி என்று ஓர் அம்மாள் உட்காருகிறார். ஜாக்கெட் தைக்கிறவர். ஆரி வேலைக்குப் பூவும் மயிலும் தானே வரைந்துகொள்ள வேண்டும் என்று வந்திருக்கிறார். நாக்கில் ஊசி வைத்துக்கொண்டு பேசுகிறார்.

“அண்ணாச்சி, இது வட்டமா, பணியாரமா?”

நான் வரைந்தது முற்போக்கான வட்டம் என்று விளக்கினேன். டீச்சர் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். மேதைகளை ஆரம்பத்தில் யாரும் பாராட்டுவதில்லை.

டிசம்பர் 16, திங்கள்

இன்று மேசையில் ஒரு மண்பானையை வைத்து வரையச் சொன்னார் டீச்சர். கையை நீட்டி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பானையின் உயரத்தை அளக்க வேண்டும். நான் தப்பான கண்ணை மூடிவிட்டதில் பேச்சிக்கனி, “யாரப் பாத்துக் கண்ணடிக்கிறீக?” என்று அதட்டினார்.

முக்கால் மணி நேரத்தில் பானை தயார். கழுத்து, வயிறு, நிழல் எல்லாம் வைத்தேன். டீச்சர் வந்து பார்த்தார். தலையை இடது பக்கம் சாய்த்தார். வலது பக்கம் சாய்த்தார்.

“அங்கிள், பானைக்கு எதுக்கு மூக்கு?”

“மூக்கு இல்லம்மா, நிழல்.”

“நிழலுக்குக் கீழ மீசை இருக்கே.”

பேச்சிக்கனி எட்டிப் பார்த்தார். “ஏ ஆத்தீ! இது டைல்ஸ் கடைக்காரருல்ல? எங்க வீட்டு பாத்ரூமுக்கு அவருகிட்டத்தான் எடுத்தோம். இப்பிடித்தான், கீழ் உதட்ட உள்ள மடிச்சுக்கிட்டு, ‘பத்து நாள்ல வந்துரும்மா’ம்பாரு.”

தற்செயல். ஒரு தடவை நடந்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

டிசம்பர் 20, வெள்ளி

செங்கல். செங்கலுக்கு ஆறு பக்கம். அதில் மூன்றுதான் கண்ணுக்குத் தெரியும் என்று டீச்சர் சொன்னார். தெரிந்த மூன்றிலும் அவரே தெரிந்தார். ஒரு பக்கம் நேராக, ஒரு பக்கம் பக்கவாட்டில், மேல் பக்கத்தில் வழுக்கை.

டிசம்பர் 27, வெள்ளி

வாழைப்பழம், ஒரு சீப்பு. எழுத ஒன்றும் இல்லை.

பேச்சிக்கனி மட்டும், “நடுவுல இருக்கவரு ரொம்பக் கோவமா இருக்காரு அண்ணாச்சி, ஒரு வார்த்தை பேசிருங்க” என்றார்.

வகுப்பு முடிந்ததும் பழத்தை எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தார்கள். எனக்குத் தின்ன மனம் வரவில்லை. வயிறு சரியில்லை, அதனால்.

ஜனவரி 3, வெள்ளி

டீச்சர் என்னைத் தனியாக அழைத்து, என்ன பிரச்சினை என்று கேட்டார். பிரச்சினையெல்லாம் இல்லை, ஒரு முகத்தின் மீது எனக்கு அளவுக்கு மீறிய தேர்ச்சி இருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். இப்படி ஒரு தேர்ச்சி வெளிநாட்டில் இருந்தால் பட்டம் கொடுத்திருப்பார்கள்.

“பரவால்ல அங்கிள். இதுக்கு ஒரு வழி இருக்கு. மாதிரிப் படத்தைத் தலைகீழா வச்சிப் பாத்து வரைங்க. அப்போ கை தனக்குத் தெரிஞ்சதை வரையாது, கண்ணு பாக்குறதைத்தான் வரையும்.”

கையிலிருந்த மாதிரிப் படம் ஒரு பசுமாடு. தலைகீழாக வைத்து, கோடு கோடாகப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தேன். தலைகீழாக இருக்கும்வரை அருமையான மாடு. டீச்சரே கை தட்டினார். நேராகத் திருப்பினோம்.

டீச்சர் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “எனக்குமே இப்ப எங்க பாத்தாலும் அவரு தெரியுறாரு அங்கிள்” என்றார். ஆசிரியர் மீது இந்த அளவுக்குத் தாக்கம் ஏற்படுத்திய மாணவன் அந்தப் பள்ளியில் யாரும் இருந்திருக்க முடியாது.

ஜனவரி 10, வெள்ளி

தலை என்பது முட்டை. கண்கள் முட்டையின் நடுவில் வர வேண்டுமாம். கண்ணுக்கு மேலே நெற்றியில் இவ்வளவு இடம் எதற்கு என்று கேட்டேன். மூளைக்கு என்றார் டீச்சர். பேச்சிக்கனி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டில் ஒருவரை உட்கார வைத்து வரைந்து வரச் சொன்னார். என் மனைவி பஞ்சவர்ணத்தை அடுப்படி வாசலில் உட்கார வைத்தேன். பெயரிலேயே ஐந்து வண்ணம், இவளை விடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா? ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தாள். முருங்கைக்காய் அடி பிடித்தபோதுகூட அசையவில்லை. முடித்துக் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தாள்.

“என்னைய வரையிறேன்னுட்டு எதுக்கு அவருக்குச் சேலை கட்டி விட்டுருக்கீக?”

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். சீனியம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் வந்தாளாம். தாரணிகா என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தாள். மடியின் தரம் குழந்தைகளுக்குத்தான் தெரியும்.

நான் வரைந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினேன். பானையைப் பார்த்து “அப்பா” என்றாள். செங்கலைப் பார்த்து “அப்பா”. மாட்டைப் பார்த்து, “அப்பா, ம்மா.” சீனியம்மாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் நிறுத்திவிட்டாள்.

“தேனிக்குச் சொல்லியாச்சுண்ணே. வேட்டி சட்டையும் எடுத்தாச்சு.”

“என்ன கரை?”

“மயில்கழுத்துப் பச்சை.”

அவனுக்குப் பச்சை பொருந்தாது. கறுத்த உடம்பு. இதைச் சொன்னதற்கு அவள் ஏன் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள் என்று தெரியவில்லை. பனிக்காலம்.

ஜனவரி 24, வெள்ளி

இன்னும் இருபத்து மூன்று நாள். இதுவரை நாற்பத்தோரு படம். ஒரு பூசணிக்காய், ஒரு சைக்கிள், ஒரு மலைக்காட்சி உட்பட. மலைக்காட்சியில் அவர் படுத்திருக்கிறார்.

இன்று பேச்சிக்கனி ஒரு மயிலின் கழுத்தை அழித்துக்கொண்டே பேசினார்.

“அண்ணாச்சி, நான் ஒண்ணு கேக்கேன். நீங்க வேற மூஞ்சி வரைஞ்சு காட்டுனா என்ன அர்த்தம்? வேற மூஞ்சியும் உங்களுக்கு வரும்னு அர்த்தம். வேற மூஞ்சியும் வரும்னா, அன்னைக்கு அவரு மூஞ்சிய வேணும்னுதான வரைஞ்சீகன்னு ஆயிரும்?”

எனக்குப் பென்சில் கீழே விழுந்துவிட்டது.

“அதுக்குப் பதிலா இந்த நாப்பத்தொண்ணையும் தூக்கிட்டுப் போயி அவரு முன்னாடி போடுங்க. பாத்துக்கங்கய்யா, எனக்கு எதை வரைஞ்சாலும் இதுதான் வருது, நான் பாவம்னு சொல்லுங்க.”

இதே யோசனை எனக்கும் இரண்டு நாளாக இருந்தது. அவர் முந்திக்கொண்டார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கடைக்குப் போனேன். நான்கு மாதம் கழித்து. ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்கும், கூட்டம் இருக்காது. படங்களைத் தாம்பூலப் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டேன். கடையைத் தாண்டி இரண்டு தடவை போய்த் திரும்பினேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், செருப்பு புதுசு, பழக்கிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே கம்ப்யூட்டர். சீனியம்மாள் சாப்பாடு கொண்டுவந்து பக்கத்து அறையில் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் மாதிரிக்கு வைத்திருந்த தரை டைல்ஸ் மேல் நாற்பத்தோரு படங்களையும் வரிசையாகப் பரப்பினேன். மாப்பிள்ளை எழுந்து வந்தார். பானை. செங்கல். வாழைப்பழம். மாடு. சேலை கட்டிய பஞ்சவர்ணம். மலை. ஒவ்வொன்றின் முன்னும் நின்று கீழ் உதட்டை உள்ளே மடித்தார்.

“இம்புட்டும் நானா?”

“இல்ல மாப்ளே, பூராம் பானை, செங்கல்தான். கையிதான் கேக்கமாட்டேங்குது.”

“இந்தப் பூசணிக்கா?”

“அதுவும் பூசணிக்காதான்.”

பூசணிக்காயை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, நிமிர்ந்துகொண்டு சொன்னார்: “இம்புட்டு நாளும் என்னையப் பாக்காம வரைஞ்சீங்கள்ல. இப்ப என்னையப் பாத்து வரைங்க மச்சான். என் மொகத்த வேணும்னே வரைஞ்சா எப்பிடி வருதுன்னு நானும் பாக்கேன்.”

உட்கார இடம் இல்லை. வாடிக்கையாளர் ஸ்டூலை இழுத்து, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். டீச்சர் சொன்னபடி கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி அளந்தேன். பதினான்கு வருடம் தினமும் எட்டு மணி நேரம் எதிரே இருந்த முகம். கண்ணை மூடிக்கொண்டு வரையலாம் என்று நினைத்தேன். ஆனால் காதோரம் இவ்வளவு நரை எப்போது வந்தது? இடது கண்ணுக்குக் கீழே ஒரு பை மாதிரி தொங்குகிறது. சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற மாத்திரை பட்டையோடு அப்படியே மேசையில் கிடந்தது. முன்பெல்லாம் அதை எடுத்துக் கொடுப்பது நான். கம்ப்யூட்டர் அதையெல்லாம் செய்யாது போல.

ஒரு மணி நேரம் வரைந்தேன். வாசல் பக்கம் நாலு பேர் கூடிவிட்டார்கள். முடித்ததும் தாளைத் திருப்பி மாப்பிள்ளையிடம் நீட்டினேன். அவர் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அகலமான நெற்றி, ஒட்டிய கன்னம், ஒரு பக்கம் தூக்கிய புருவம். எங்கேயோ பார்த்த ஆளாகத் தெரிந்தது.

சோற்றுக் கையோடு ஓடி வந்த தாரணிகா தாளைத் தொட்டுப் பருக்கையை ஒட்டிவிட்டுச் சொன்னாள்:

“மாமா!”

வாசலில் நின்ற நாலு பேரும் ஆமாம் என்றார்கள். நான்தான். அச்சு அசல் நான். மாப்பிள்ளையை உற்றுப் பார்த்து வரைந்ததில் நான் வந்திருக்கிறேன்.

“வேற மூஞ்சி வந்துருச்சுல்ல” என்றாள் சீனியம்மாள், கதவுக்குப் பின்னாலிருந்து. “சொன்ன வாக்கு இருக்கு பாத்துக்கங்க.”

மாப்பிள்ளை, தன் பையனுக்குப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி, தாளைக் கை நீட்டி வைத்துப் பார்த்தார். கொஞ்சம் வருத்தமாகக்கூடத் தெரிந்தது. “பூதத்துல இருந்த களை எனக்கு இதுல வரலையே” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்: “உண்மையச் சொல்லுங்க மச்சான். அன்னைக்கு வேணும்னுதான வரைஞ்சீங்க?”

நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்றால், பக்கம் முடிந்துவிட்டது.

பிப்ரவரி 3, திங்கள்

நேற்று இடமில்லாமல் விட்டுப்போனதில் முக்கியமானது ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை சொன்னதை மட்டும் எழுதி வைக்கிறேன்:

“இத அன்னைக்கே வாயால சொல்லியிருக்கலாம்ல மச்சான். எதுக்குப் பெயின்ட்டு?”

தேனிக்காரனுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டார்களாம். வேட்டி சட்டையை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொன்னேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

வகுப்பில் எனக்குத் தனி மரியாதை. டீச்சர் நடந்ததைக் கேட்டுவிட்டு, “இனி என்ன அங்கிள் வரையப் போறீங்க?” என்றார். பானை என்றேன். மறுபடியும் அதே பானையை வைத்தார்கள். வரைந்தேன். பானை பானையாக வந்தது. மூக்கு இல்லை, மீசை இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்கு அந்தப் பானை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. யாரோ தெரியாதவர் வீட்டுப் பானை மாதிரி இருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

காது குத்தியாயிற்று. தாரணிகாவுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசி, மாலை போட்டு, என் மடியில் உட்கார வைத்தார்கள். ஊர் ஜனம் ஐயாயிரம் பேர் இருக்கும். பஞ்சவர்ணம் நூற்றைம்பது என்கிறாள். அவள் எப்போதும் குறைத்துத்தான் சொல்வாள்.

ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை என் மூக்கைப் பிடித்துக்கொண்டது. ஒரு காது முடிகிறவரை விடவில்லை. அடுத்த காதுக்கு மூக்கு போதாமல் மீசையையும் சேர்த்துப் பிடித்தது. குழந்தை அழுதது கொஞ்ச நேரம்தான். வேறு யார் அதிக நேரம் அழுதார்கள் என்பதைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நாற்பது வருடத்தில் இப்படி ஒரு மடியைப் பார்த்ததில்லை என்று ஆசாரி சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை, பார்வையால் சொன்னார்.

தேனிக்காரன் மயில்கழுத்துப் பச்சைக் கரையில் வந்து மூன்று தடவை கறி வாங்கிச் சாப்பிட்டான். நான் சொன்னது சரி. பொருந்தவில்லை.

பந்தியில் மாப்பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்தார். மாத்திரையை நான்தான் பிரித்துக் கொடுத்தேன். “மச்சான், வீட்டுக்கு இன்னும் பூதம் மாட்டல. அன்னைக்கு வரைஞ்சீங்கள்ல உங்க மூஞ்சி, அதையே தகரத்துல பெருசாப் போட்டு, ரெண்டு பல்லு மட்டும் வச்சிக் குடுங்க” என்றார்.

“ரெண்டு போதுமா மாப்ளே?”

“உங்களுக்கு ரெண்டு போதும்.”

பிப்ரவரி 20, வியாழன்

இன்று மாட்டினோம். மூன்றாவது மாடியில், ரோட்டைப் பார்த்து. கொத்தனார்கள் இந்த முறை முன்கூட்டியே கீழே இறங்கி நின்றுகொண்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, பல் வைத்த பிறகு எனக்கு ஒரு கம்பீரம் வந்திருக்கிறது. கண் இரண்டும் நேராகக் கடைக்குள் பார்க்கின்றன. கம்ப்யூட்டர் தலைக்கு மேலாக, மாப்பிள்ளை மேசைக்கு நேர் எதிரே. அவர் தலையை நிமிர்த்தினால் என்னைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு தடவை நிமிர்த்தினார். நான் கீழே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்குத் தண்ணீர் லாரி வந்தது. டிரைவர் இறங்கினார், மேலே பார்த்தார், நெற்றிக்கு மேல் கையைக் குடை பிடித்துக்கொண்டார். பிறகு ரொம்பச் சந்தோஷமாகப் பூதத்தைப் பார்த்துக் கேட்டார்:

“என்ன அண்ணாச்சி, குடோன்ல இருந்து எப்ப மாத்துனாக?”

“இன்னைக்குத்தான்” என்றேன், கீழேயிருந்து.